ஒரு நோட்டீசில் மூன்று தீர்மானங்கள்

மகனே,

தபாலில் எழுதினால் நீ உறையைப் பிரிக்கமாட்டாய் என்று உன் அம்மா சொல்கிறாள். அதனால் இதை வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதை நீ படிக்காமல் விட்டதில்லை. உனக்கு முன்னால் ஊரில் பாதிப் பேர் படித்துவிடுவார்கள், படிக்கட்டும். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருப்பவன் இப்படிப் பகிரங்கமாக எழுதலாமா என்று மேலே இருப்பவர்கள் விளக்கம் கேட்பார்கள். விளக்கம் எழுதுவது எனக்குப் பழகிய வேலைதான். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் எனக்கு மேலே போய் உட்கார்ந்தபோது நான் எழுதிக் கொடுத்த மனுக்களைச் சேர்த்தால் ஒரு புத்தகம் ஆகும். அந்தப் புத்தகத்தைப் படிக்க ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று அந்த நோட்டீசைச் செல்லையா கொண்டுவந்து கொடுத்தான். பாறசாலை சந்தையில் மரச்சீனிக் கிழங்கு மூட்டை சுமந்த செல்லையா. ஞாயிற்றுக்கிழமை மாலை சந்தைத் திடலில் பொதுக்கூட்டம், வக்கீல் தலைமை, தீர்மானத்தை முன்மொழிபவர் என்ற இடத்தில் உன் பெயர், பக்கத்தில் பி.ஏ. என்ற எழுத்துகள். உன் அம்மாவிடம் காட்டினேன். உன் பெயரின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "பேரு அச்சில பாக்க கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. பின்ன நீங்க என்னத்துக்கு இத மடக்கி மடக்கி வைக்குதிய?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

நோட்டீசில் உள்ள தீர்மானத்தை நீ எழுதினாயா, வக்கீல் எழுதினாரா, எனக்குத் தெரியாது. அதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன், படிப்பவர்களும் பார்த்துக்கொள்ளட்டும்: "தமிழ் பேசும் கிராமங்களாகிய இப்பகுதி, தாய்மொழியின் மேன்மையைக் கருதி, தமிழ்நாட்டோடு சேர்வதற்காக, திங்கட்கிழமை காலை நெய்யாற்றின்கரைத் தாலுகா கச்சேரி முன் மறியல் செய்வதென இக்கூட்டம் தீர்மானிக்கிறது." படிக்க நன்றாக இருக்கிறது. மூச்சு விடாமல் மேடையில் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் இது ஒரு வாக்கியம்தானே தவிர ஒரு தீர்மானம் அல்ல. மூன்று தீர்மானங்களை ஒரே நாரில் கட்டி வைத்திருக்கிறீர்கள். இந்தக் கிராமங்கள் தமிழ் பேசுகின்றனவா என்பது ஒன்று. அது உண்மையா இல்லையா என்று பார்க்கவேண்டியது. தாய்மொழி மேன்மையானதா என்பது இன்னொன்று. அது மதிப்புப் பற்றியது. திங்கட்கிழமை என்ன செய்வது என்பது மூன்றாவது. அது செயல் பற்றியது. மூன்றுக்கும் வேறு வேறு விதமாக வாதாட வேண்டும். முதலாவதுக்குச் சாட்சி வேண்டும், இரண்டாவதுக்கு அளவுகோல் வேண்டும். மூன்றாவதுக்கு என்ன வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், என் பயமும் அங்கேதான் இருக்கிறது.

இதைப் படிக்கும்போதே நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். வீட்டைவிட்டுப் போன அன்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதைத்தான் சொன்னாய். "அப்பா, வக்கீல் மாமா காலேஜில கப்பு வாங்கினது ஒங்களுக்கு இன்னும் செரிக்கல்ல. அதுக்கு என்னத்துக்கு தமிழ்நாட்டையும் சேத்து எதிர்க்குதிய?" நான், "செரிக்கல்லதான்" என்றேன். "ரெண்டு பேரும் முதல்ல தட்டில கெடக்கத செரிக்க வையுங்க" என்றாள் உன் அம்மா. நீ சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் பெட்டியை எடுத்தாய். இப்போது வக்கீல் வீட்டு மாடியில் இருக்கிறாய். அங்கே மின்விளக்கு உண்டு, செய்தித்தாள்கள் உண்டு, உன்னைப் பார்த்துத் தலையாட்டும் ஆட்கள் உண்டு. இங்கே உன் கட்டிலில் உன் அம்மா நெல்லிக்காய் உலர்த்துகிறாள்.

அந்தக் கப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் வாயால் நீ கேட்பதைவிட நானே சொல்வது நல்லது. திருவனந்தபுரத்தில் நானும் அவரும் ஒரே வகுப்பில் படித்தோம். கல்லூரி விவாதப் போட்டியில் "நகர வாழ்வைவிடக் கிராம வாழ்வே சிறந்தது" என்று தீர்மானம். நான் கிராமத்தின் பக்கம். நூலகத்தில் கிடந்த அரசாங்க அறிக்கைகளையெல்லாம் புரட்டி, காற்று, தண்ணீர், காய்ச்சல், கடன் என்று குறிப்பெடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன். அவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "சிறந்தது என்கிறார் நண்பர். யாருக்கு? படித்து முடித்துவிட்டு ஓய்வுக்கு வருகிற ஆணுக்கா, இனிமேல்தான் படிக்கவேண்டிய பெண்ணுக்கா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் எல்லோரும் அந்தப் பெண்ணை வைத்தே கிராமத்தை அளந்தார்கள். என்னுடைய காற்றும் தண்ணீரும் எங்கே போயின என்று தெரியவில்லை. நடுவராக இருந்த பேராசிரியர் அவர் குடும்பத்துக்கு வேண்டியவர் என்று நான் இன்றுவரை சொல்லிவருகிறேன். இனியும் சொல்வேன். ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டியது அதுவல்ல. சிறந்தது, மேன்மையானது, நியாயமானது என்ற சொல் ஒரு தீர்மானத்தில் வந்தால், அதை எந்தக் கோலால் அளப்பது என்பதைத்தான் முதலில் நிலைநாட்ட வேண்டும். கோலை எவன் கையில் எடுக்கிறானோ அவன் பாதி வென்றுவிட்டான். விவரத்தை மட்டும் கொட்டினால், அது சந்தையில் கொட்டிய கிழங்குபோல மலையாகக் கிடக்கும். தராசில் ஏறாதவரை அதற்கு விலை கிடையாது.

உன் நோட்டீசில் "தாய்மொழியின் மேன்மை" என்று இருக்கிறது. யாருடைய தாய்மொழி? நீ தமிழின் மேன்மையைப் பேசத் தொடங்கினால் கூட்டம் உருகிவிடும், அது எனக்குத் தெரியும். உனக்குக் குரல் இருக்கிறது. அதை நான் கொடுக்கவில்லை, உன் அம்மா பக்கத்துச் சொத்து. ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் ஆரியங்கோட்டிலிருந்து ரப்பர் பால் விற்க வந்தவர் நிற்பார். அவர் வீட்டில் மலையாளம். நீ பிறந்த வருஷம் உன் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது அவர் வீட்டிலிருந்துதான் நமக்குக் கஞ்சி வந்தது. அவர் தாய்மொழி அவருக்கு மேன்மையானதுதான். அவரைத் தாழ்த்தாமல் உன்னால் இதை வாதாட முடியும், கோலை மாற்றினால். எந்த மொழி பெரியது என்று கேட்காதே. தனக்கு ஒரு அநியாயம் நடந்தால், எந்த மொழியில் ஒரு மனிதன் பயப்படாமல் அதை அதிகாரியிடம் சொல்ல முடிகிறது என்று கேள். அந்தக் கோலைப் பிடித்துக்கொள். அதை வைத்து அளந்தால் ஆரியங்கோட்டுக்காரர்கூட உன்னை மறுக்க மாட்டார்.

இந்தக் கோல் எனக்குக் கிடைத்தது செல்லையாவிடமிருந்து. அவன் கொடுக்க வேண்டும் என்று கொடுத்ததல்ல. எங்கள் பக்கத்து மொழி நிலவரத்தைக் கேட்டறிய ஒரு அதிகாரி பயணியர் விடுதியில் வந்து உட்கார்ந்திருந்தார், உனக்கு நினைவிருக்கும். வக்கீல்தான் சாட்சிகளைத் திரட்டிக்கொண்டு போனார். சாதாரண ஆள் ஒருவன் வேண்டும் என்று செல்லையாவையும் சேர்த்துக்கொண்டார். குறிப்பெழுத நான் அங்கே நியமிக்கப்பட்டிருந்தேன். அதிகாரி தமிழ் தெரிந்தவர். அவனைப் பார்த்து, வீட்டில் என்ன பாஷை என்று தமிழிலேயே கேட்டார். செல்லையா தலைத்துண்டை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, குனிந்து, "ஏமானே, ஞங்ஙள் வீட்டில் தமிழாணு பறயுன்னது" என்றான். எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்பதைச் சுத்தமான மலையாளத்தில் சொன்னான். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி மேசையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெளியே வந்ததும் வக்கீல் அவனைத் தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டார். "எலே, ஒரு வார்த்த தமிழ்ல சொல்ல ஒனக்கு வாயி வரல்லியா? எல்லாத்தையும் கெடுத்தியே." செல்லையா கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "ஆப்பீசருக்க முன்ன எனக்கு தமிழ் வராது வக்கீலே. பொண்டாட்டிக்க முன்ன மலையாளம் வராது. ரெண்டும் அதுக்கதுக்கு உள்ள எடத்தில தான் வரும். அது அப்பிடி ஆக்கும்." வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டு போனார். எங்கள் பக்கத்துச் சாட்சி கெட்டுப்போனது என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தோம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் யோசித்தேன். நிறைய பேரை விசாரிக்கிறோம், எல்லோரும் அதிகாரியின் முன்னால் மலையாளத்தில் பேசுகிறார்கள் என்றால், அது எதைக் காட்டுகிறது? வீட்டில் மலையாளம் என்பதையா? சர்க்காருக்கு முன்னால் நிற்கும்போது நாக்கை மாற்றிக்கொள்ளப் பழக்கியிருக்கிறார்கள் என்பதையா? இதை அன்றே அதிகாரியிடம் எழுந்து சொல்லியிருந்தால், எங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. சாட்சி கெட்டுப்போகவில்லை, அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் இல்லாமல் போனார். இப்போது அதை உனக்குத் தருகிறேன், எடுத்துக்கொள்.

உண்மை பற்றிய தீர்மானத்தில் இன்னும் ஒன்றைக் கவனி. உன் நோட்டீஸ் "தமிழ் பேசும் கிராமங்களாகிய இப்பகுதி" என்கிறது. எல்லாக் கிராமமும் என்று நீ சொன்னால், எதிரே நிற்பவன் ஒரு வீட்டைக் காட்டினால் போதும், உன் தீர்மானம் விழுந்துவிடும். அந்த ஒரு வீட்டை அவன் தேடி அலையவும் வேண்டாம். எந்தெந்த ஊர், ஊருக்குள் எந்தெந்தக் கரை, எந்தெந்தத் தெரு என்று குறைத்துச் சொல். குறைத்துச் சொல்பவனை அசைப்பது கடினம். நம் நிலத்து ஆதாரப் பத்திரங்கள் மலையாளத்தில் எழுதியிருப்பதைக் காட்டுவார்கள். ஆதாரம் எழுதுவது எழுத்தன், நிலத்துக்காரன் அல்ல என்று சொல். தனுவச்சபுரத்துப் பள்ளியில் நம் பிள்ளைகள் மலையாளம் படிப்பதைக் காட்டுவார்கள். மைதானத்தில் விளையாடும்போது அவர்கள் சண்டை போடும் மொழி என்ன என்று கேள். உனக்குப் பாதகமான உண்மை ஏதாவது இருந்தால் அதை நீயே முதலில் சொல்லிவிடு. எதிரி வாயிலிருந்து வந்தால் அது இரண்டு மடங்கு கனக்கும்.

அந்த விதியை என்மேலும் போட்டுப் பார்த்தேன், உன்னிடம் மறைக்கவில்லை. போன தடவை மறியல் நடந்த அன்று வக்கீல் பயந்து ஒளிந்துகொண்டார் என்று நான் உன்னிடமும் மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மை பற்றிய தீர்மானம்தான், சாட்சி வேண்டும். விசாரித்தேன். அன்று அவருக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு வழக்கு இருந்தது. வாய்தா வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை. அவ்வளவுக்குமேல் என்னால் நிரூபிக்க முடியவில்லை. ஆகவே அவர் பயந்தார் என்று இங்கே எழுதவில்லை. அவர் அங்கே இல்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

நான் அங்கே இருந்தேன், கச்சேரி ஜன்னலுக்கு உள்ளே. அதற்கு முந்தின நாள் சந்தையில் நடந்த கூட்டத்திலும் பின்வரிசையில் இருந்தேன். வக்கீல் பேசினார். அவர் பேச்சைக் குறைசொல்ல என்னால்கூட முடியாது. மாநிலங்களைப் பிரிக்க வந்த கமிஷனின் அறிக்கையில் தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போகும், நம்முடையது போகாது என்று தெரிந்துவிட்ட நேரம். தமிழைப் பற்றிப் பேசினார், தெற்கே இதே கோரிக்கைக்காகத் துப்பாக்கிக்கு முன்னால் விழுந்தவர்களைப் பற்றிப் பேசினார், பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கடைசியில், அதே மூச்சில், "ஆகவே நாளை கச்சேரி முன் மறியல்" என்றார். கைதட்டல் எழுந்தது. நம் ஊர்களில் தீர்மானம் நிறைவேறுவது எப்படி என்று உனக்குத் தெரியும். கோயில் கமிட்டியானாலும் வாசகசாலையானாலும் யாரும் கை தூக்கச் சொல்வதில்லை, யாரும் எண்ணுவதில்லை. தலைவர் தீர்மானத்தைப் படிப்பார், ஜனங்கள் கைதட்டுவார்கள், "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதிவிடுவார்கள். அப்படித்தான் அன்றும் எழுதினார்கள். மறுநாள் காலை கச்சேரி வாசலில் போலீஸ் இறங்கியது. நான் கோப்பை மூடிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் நின்றவர்கள் திரும்பி ஓடியபோது செல்லையா ஓடவில்லை, ஓடத் தெரியாமல் நின்றான். லத்தி அவன் வலது தோளில் விழுந்தது. மூட்டை இறக்கிவைப்பவனைப்போல அவன் மெதுவாகத்தான் கீழே உட்கார்ந்தான்.

ஒரே ஊர்க்காரன் என்பதால் அவன் வீட்டுக்குச் செய்தி சொல்ல என்னை அனுப்பினார்கள். பேச்சாளர்கள் யாரும் போகவில்லை, அதை நான் மறக்கப்போவதில்லை. அவன் மனைவி தங்கம்மை வாசலில் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உயிருக்கு ஒன்றுமில்லை, தோள்தான் என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"காலத்த சந்தைக்குன்னு சொல்லீட்டு தானே சாரே போனாவ?"

"கச்சேரிக்குப் போனான். நேத்து கூட்டத்தில தீர்மானம் போட்டாங்க."

"ஆரு போட்டா?"

"எல்லாரும் சேந்துதான்."

"எல்லாரும்னா, இவியளுமா?"

"அவனும் கைதட்டினான். நான் பாத்தேன்."

"கோயில்ல கத சொல்ல வாறவனுக்கும் தான் இவிய கை தட்டுவாவ. அதுக்குன்னு கதையில உள்ள காட்டுக்கு இவியளும் போணுமா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். இருவரும் பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்குப் போனோம்.

மகனே, மூன்றாவது வகைத் தீர்மானத்துக்கு என்ன வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். செயல் பற்றிய தீர்மானத்தில் நிரூபிக்கும் சுமை மாற்றம் கேட்பவன் மேல்தான் இருக்கும். சும்மா இருப்போம் என்பவன் ஒன்றையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நீதான் சொல்லியாக வேண்டும்: இப்போது என்ன குறை, நீ சொல்வதைச் செய்தால் அந்தக் குறை தீருமா, அதைவிடக் குறைந்த கேட்டோடு வேறு வழி உண்டா, வரும் கேட்டைச் சுமக்கப்போவது யார். முதல் கேள்விக்கு நீ அருமையாகப் பதில் சொல்வாய். அதைச் சொல்ல நம் தாலுகாவில் யாருக்கும் வார்த்தைப் பஞ்சமில்லை. இரண்டாவது கேள்விக்கு உன் குரல் கொஞ்சம் தாழும். டில்லியில் எழுதி முடித்த அறிக்கையை நெய்யாற்றின்கரைக் கச்சேரிப் படிக்கட்டில் உட்கார்ந்து எப்படித் திருத்துவது? பதில் இல்லை என்று நான் சொல்லவில்லை. திருத்த முடியாவிட்டாலும் எங்கள் எதிர்ப்பு பதிவாக வேண்டும் என்பது ஒரு பதில்தான். ஆனால் அதை அப்படியே வெளிப்படையாகச் சொல்லிக் கூப்பிடு. வென்றுவிடுவோம் என்று நம்பி வருகிறவனும், தோற்றாலும் பரவாயில்லை என்று வருகிறவனும் ஒன்றல்ல. மூன்றாவது கேள்விக்கு, மனுவோடு போவது என்று ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. நான்காவது கேள்வியைப் பெரும்பாலான பேச்சாளர்கள் தொடுவதே இல்லை. தமிழின் மேன்மையால் கண்ணீர் வந்த கண்ணோடு அந்தக் கேள்வியைப் பார்க்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். மதிப்புக்கு விழுந்த கைதட்டலைச் செயலுக்கு விழுந்த வாக்காக எழுதிக்கொள்வது, இந்தக் கரையில் நாம் எல்லோரும் செய்துவருகிற தவறு. அதைச் செய்கிறவனுக்குத் தான் செய்வது தெரிவதில்லை. உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கச்சேரியில் இருப்பதால் எனக்குச் சில விஷயங்கள் தெரிகின்றன. முன் அறையில் இருந்த பதிவேடுகளையெல்லாம் பின் அறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். தெருப்பக்கத்து ஜன்னல்களுக்குப் புதிதாகக் கொக்கி அடித்தார்கள். மரத்தடியில் எப்போதும் நிற்கும் சைக்கிள்களை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. என்னைப் போன்றவனிடம் சொல்லவும் மாட்டார்கள். பின் அறையில் பதிவேடுகளை அடுக்கும்போதெல்லாம் காலியாகக் கிடக்கும் அந்த மரத்தடியைத்தான் பார்க்கிறேன். அங்கே எத்தனை போலீஸ் வண்டி நிற்கலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. போன தடவை ஒரு வண்டிதான் வந்தது.

நேற்று நோட்டீசைக் கொடுத்துவிட்டுச் செல்லையா போகாமல் நின்றான். அவன் தோள் சேரவே இல்லை. வலது கை மார்புக்கு மேலே எழாது. இப்போது சந்தையில் மற்றவர்கள் மூட்டைக்குக் காவல் இருக்கிறான். "என்ன செல்லையா?" என்றேன். "தம்பி பேசுதாம்லா சாரே, நானும் வாறேன்" என்றான். "கூட்டத்துக்கா?" என்றேன். "கூட்டத்துக்கும், திங்கக்கெழமைக்கும். மத்தவனுவ கூப்பிட்டா யோசிப்பேன். இது நம்ம வீட்டுப் பிள்ள. நான் உண்டுன்னு சொல்லி கூடப் போவாம இருந்தா கொள்ளாமா?" என்று சிரித்தான். ஒரு கையால் உன்னைப் பாதுகாக்கத்தான் அவன் வருகிறான் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்த பிறகு இரவு தூங்கவில்லை. உனக்காகப் பயப்பட எனக்கு உரிமை உண்டு, அதை நீ எப்படியும் மீறுவாய், மீறத்தான் வேண்டும். ஆனால் உன் குரலைக் கேட்டு உன் பின்னால் வரும் அவனுக்காகப் பயப்படவேண்டியது நான் அல்ல, நீ.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எதிராளி முன்கூட்டியே தன் வாதத்தைச் சொல்வது விவாத முறையில் கிடையாது. நான் உனக்கு எதிராளி அல்ல என்பதால் சொல்கிறேன். நான் முன்வரிசையில் உட்காருவேன். நீ எவ்வளவு நன்றாகப் பேசினாலும் கைதட்டமாட்டேன், அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ தீர்மானத்தைப் படித்ததும் எழுந்து நின்று, அதை மூன்றாகப் பிரித்துத் தனித்தனியாகக் கூட்டத்தின் முன் வைக்கவேண்டும் என்றும், மூன்றாவதுக்குக் கை தூக்கச் சொல்லி எண்ணவேண்டும் என்றும் கேட்பேன். வக்கீல் உட்காரச் சொல்வார். உட்கார மாட்டேன். பிறகு உன்னிடம் ஒரு கேள்வி கேட்பேன், கேள்வி இதுதான்: செல்லையாவை எந்த வரிசையில் நிறுத்தப்போகிறாய்?

பதில் உன்னிடம் இல்லையென்றால் அதை ஜனங்கள் முன்னால் ஒப்புக்கொள். மறியல் வேண்டாம், மனுவோடு போவோம் என்று சொல். உன்னை யாரும் கோழை என்று சொல்லமாட்டார்கள், சொன்னால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சண்டை போடுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. பதில் இருந்தால், முன்னால் யார், பின்னால் யார், வண்டி வந்தால் எந்தச் சந்து வழியாகப் பெரியவர்களை வெளியேற்றுவது, அடிபட்டவன் வீட்டுக்கு யார் போவது என்று நீ வரிசையாகச் சொல்லிவிட்டால், கை தூக்கச் சொல். செல்லையா இடது கையைத் தூக்குவான், அதையும் எண்ணிக்கொள். நானும் தூக்குவேன். அப்படித் தூக்கியவன் மறுநாள் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உன் அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை, அவளும் இதில்தான் படிக்கப்போகிறாள்.

என் முழங்கால் உனக்குத் தெரியும், நான் மெதுவாகத்தான் நடப்பேன். வரிசையை யோசிக்கும்போது அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

உன் அப்பா